மாளிகைமேட்டில் அரண்மனை ஏன் நிற்கவில்லை?

திட்டக்குடிக்குத் தென்கிழக்கே, வெள்ளாற்றுக்கு அப்பால் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் 11ஆம் நூற்றாண்டுக் கற்கோயில் நிமிர்ந்து நிற்க, சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் அரண்மனை மட்டும் மாளிகைமேடு என்னும் மண்மேடானதற்குக் காரணம், அது செங்கல்லாலும் மரத்தாலும் எழுப்பப்பட்டதே. மாளிகைமேட்டு அகழாய்வில் வெளிப்பட்ட கருங்கல் பீடங்கள் மரத்தூண்கள் நின்ற இடங்களையும், இரும்பு ஆணிகளும் தட்டை ஓடுகளும் கூரையின் அமைப்பையும் உணர்த்துகின்றன. பிற்காலத்தார் செங்கல்லைப் பெயர்த்தெடுத்த பள்ளங்களை நிரப்பிய மண், சுற்றுமண்ணிலிருந்து நிறத்திலும் இறுக்கத்திலும் வேறுபடுவதால், சுவரே இல்லாத இடத்திலும் சுவரின் போக்கை வரைய முடிகிறது; வியக்கத்தக்க இந்நுட்பமே சுவீடனின் பிர்கா நகரில் மட்கிப்போன மரவீடுகளையும் மண்ணின் கறையாகக் காட்டிக்கொடுக்கிறது. மாளிகைமேட்டில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகள், ஓட்டாஞ்சில்லு அளவே ஆயினும், சோழரின் கடல்வணிகத்துக்குச் சான்றுகளாகும்.