சலுகையல்ல, உரிமை!

வயிற்றைக் கட்டி, தவணை கட்டி வாங்கிய குளிர்பதனப் பெட்டி, மூன்றாம் நாளே மூச்சை நிறுத்துகிறது. கடைக்காரர் கம்பெனியைக் காட்டுகிறார். கம்பெனியோ கடைக்காரரைக் காட்டுகிறது. “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று ரசீதிலே அச்சடித்தும் வைத்திருக்கிறார்கள். அந்த அச்செழுத்து சட்டமாகிவிடுமா? ஆகாது!

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதென்ன? குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம்! பழுதை நீக்கவோ, வேறு பொருள் தரவோ, பணத்தைத் திருப்பவோ, இழப்பீடு கொடுக்கவோ மாவட்ட ஆணையம் ஆணையிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம். வசிக்கும் ஊரிலேயே வழக்கிடலாம். 2 ஆண்டுக்குள் தொடுத்தால் போதும்.

சோதனைக்கூட ஆய்வு தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று ஏட்டிலே எழுதியாகிவிட்டது. நாட்டிலே நடந்ததென்ன? ஆணையங்களில் காலியிடங்கள் நிரப்பப்படாததை 2021இல் உச்சநீதிமன்றமே தானாக முன்வந்து கேட்க நேர்ந்தது. நாற்காலியை நிரப்பாத அரசுகள், உரிமை வழங்கிவிட்டோமென்று மார்தட்டலாமா?

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரரிடமும் கெஞ்ச வேண்டாம், அரசிடமும் கெஞ்ச வேண்டாம். கேளுங்கள்!