ஆறடி தள்ளி நில்!

ஒரே மாதிரி இருமல். சாப்பாட்டோடு விழுங்க ஒரே மாத்திரைகள். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் உள்ள பிள்ளைகளுக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கோடை முகாம்கள் அப்படித்தான் களைகட்டின. 1990-களில் அவற்றுக்கு மூடுவிழா நடத்தியது ஒரு வெங்காயக் கிருமி.

வெங்காயத்தை அழுக வைக்கும் அந்தக் கிருமியை 1950-ல் விவரித்தவர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பர்க்ஹோல்டர். நல்ல நுரையீரல் பக்கம் அது பெரும்பாலும் போவதில்லை. இந்த நோயாளிகளின் நுரையீரல் வேறு ரகம். 1989-ல் கண்டுபிடிக்கப்பட்ட சி.எஃப்.டி.ஆர். மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்தால், செல்களில் உப்பு போய்வரும் வழி அடைபடுகிறது. வியர்வை அளவுக்கு மீறி உப்புக் கரிக்கும். இன்றும் நோயை உறுதிசெய்வது வியர்வைப் பரிசோதனைதான். மூச்சுக்குழாயிலோ ஈரம் வற்றி, தூசியையும் கிருமியையும் வெளியே தள்ள வேண்டிய சளி பசைபோல ஒட்டிக்கொள்கிறது.

அங்கே சின்ன வயதில் ஸ்டஃபைலோகாக்கஸ் குடியேறும். வளர வளர சூடோமோனாஸ். இந்த இரண்டாவது ஆசாமி ஆல்ஜினேட் என்ற கொழகொழப்பான உறையைச் சுரந்து அதற்குள் பதுங்கிவிடும். ஆன்டிபயாடிக்கால் அடக்கி வைக்கலாம். வேரோடு விரட்டுவது அபூர்வம். டோப்ராமைசின் மருந்தை நெபுலைசர் வழியாக மாதக்கணக்கில் இழுப்பது அதனால்தான்.

வெங்காயக் கிருமியான செப்பேசியா இன்னும் மோசம். கடும் காய்ச்சல், சில வாரங்களில் நுரையீரல் செயலிழப்பு, மரணம் என்று சிலரிடம் அது காட்டிய வேகத்தை 1980-களில் டொராண்டோ மருத்துவர்கள் பார்த்தார்கள். நோயாளிகள் நெருங்கிப் பழகுவதாலேயே அது பரவுகிறது என்று எடின்பரோவின் ஜான் கோவன் குழு 1993-ல் காட்டியது. ஆறுதலுக்காகக் கூடிய இடமே ஆபத்தாகிப் போனது.

இப்போது மருத்துவமனைக்கு வந்தால் காத்திருப்பு அறை கிடையாது. முகக்கவசத்தோடு நேராகத் தனி அறை. இந்நோய் உள்ள இருவர் ஆறடி தள்ளியே நிற்க வேண்டும் என்கிறது அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் அறக்கட்டளையின் 2013 வழிகாட்டுதல். (2019-ல் வந்த ஹாலிவுட் காதல் படம் ‘ஃபைவ் ஃபீட் அபார்ட்’ ஓரடியைக் குறைத்துக்கொண்டது. சினிமாவுக்குச் சரி.) விதி சரியானதுதான், ஆனால் கொடுமையானது. தன் வலி புரிந்த ஒரே கூட்டத்தோடு போனில்தான் பேச வேண்டும்.

2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரைகாஃப்டா மாத்திரை, பழுதான புரதத்தையே ஓரளவு வேலைசெய்ய வைக்கிறது. சளி இளகுகிறது, மூச்சு சீராகிறது. விலையோ ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அதை வாங்க வழியிருப்பவர்களிலும் பலரது நுரையீரலை விட்டுப் பழைய கிருமிகள் முழுதாகக் காலிசெய்வதில்லை. ஆகவே ஆறடி விதி இன்னும் அமலில்தான் இருக்கிறது.