குளுக்கோஸ் பாட்டில் உணவாகுமா?

காசிமேட்டில் வலை இழுப்பவராயினும், எண்ணூரில் ஆலைத் தொழிலாளியாயினும், உடல் சோர்ந்து மருத்துவமனைக்கு வந்தால் "ஒரு பாட்டில் ஏற்றுங்கள், டாக்டர்" என்று கேட்பது வழக்கம். உண்ண இயலாத நோயாளிக்குப் பாட்டில் ஏறுவதைக் கண்டால், உணவு உள்ளே செல்கிறது என்று குடும்பத்தினரும் ஆறுதல் கொள்கின்றனர்.

அரை லிட்டர் கொண்ட 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரையே உள்ளது. அதன் ஆற்றல் 100 கலோரிக்கு மேற்படாது. ஏறத்தாழ இரண்டு இட்லிக்கு ஈடு. உப்புநீர்ப் பாட்டிலில் கலோரியே இல்லை. 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கோ நாளொன்றுக்குச் சுமார் 1500 முதல் 1800 கலோரி வேண்டும், புரதமும் வேண்டும். ஆகவே, சாதாரண பாட்டில் நீரிழப்பை ஈடுசெய்யவும் மருந்து செலுத்தவும் உதவுமேயன்றி, உணவாகாது.

சிரைவழி உணவூட்டம் என்பது என்ன?

நாம் பேச்சில் 'நரம்பு' என்று சொல்லும் இரத்தக்குழாயே சிரை. செறிவான குளுக்கோஸ், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள், கொழுப்பு, தாது உப்புகள், வைட்டமின்கள் ஆகியவற்றைச் சிரை வழியாகச் செலுத்துவதே இம்முறை. கொழுப்பு கலந்திருப்பதால் பை பால்போல் வெண்மையாகத் தோன்றும், அஞ்ச வேண்டாம். செறிவான கலவை கையிலுள்ள சிறிய சிரைகளைப் புண்படுத்தும். எனவே, கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ, சில வேளைகளில் கை வழியாகவோ குழாய் செலுத்தி, அதன் முனையை இதயத்தருகே உள்ள பெரிய சிரையில் நிறுத்துவர்.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், சிறுகுடல் பெரும்பாலும் இன்றிப் பிறந்த ஒரு குழந்தையை டாக்டர் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் இம்முறையால் வளர்த்துக் காட்டினர்.

யாருக்குத் தேவை?

நெடுநாள் நீடிக்கும் குடல் அடைப்பு, குடலில் கசிவு, குடலின் பெரும்பகுதி அகற்றப்பட்ட நிலை, மிகக் குறைமாதக் குழந்தை ஆகியோருக்கு இது உயிர்காக்கும். குடல் இயங்குமானால் வாய் வழியோ மூக்குக்குழாய் வழியோ தரும் உணவே சிறந்தது. சிரைவழி உணவூட்டத்தால் கிருமித்தொற்று, சர்க்கரை ஏற்றத்தாழ்வு, கல்லீரல் பாதிப்பு ஆகியவை நேரக்கூடும். அதனாலேயே அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்கிறோம்.

உடனிருப்போர் கவனத்திற்கு

• குளிர் நடுக்கமோ காய்ச்சலோ, குழாயைச் சுற்றிச் சிவப்போ ஈரமோ கண்டால் உடனே செவிலியரிடம் கூறுங்கள்.

• சொட்டும் வேகத்தை நீங்களே மாற்றாதீர்கள்.

• மருத்துவர் அனுமதிக்கும் வரை, இரக்கத்தால் ஒரு மடக்குக் காபியும் கொடுக்காதீர்கள். குடலில் கசிவு உள்ளவருக்கு அதுவே ஆபத்தாகலாம்.

வாய் வழி உண்ணலாம் என்று மருத்துவர் கூறும் நாளில், முதல் கரண்டிக் கஞ்சியை நீங்களே ஊட்டலாம்.