நடைமுரசில் அடி தவறும் மாணவன்

ஆண்டின் முதலாம் தவணை பிறந்துவிட்டால் இலங்கைப் பாடசாலை முற்றங்களில் முரசொலி எழத் தொடங்கிவிடும். பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திர தினம். அதனைச் சூழ்ந்த வாரங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிகள். கொடியேற்றத்துக்கும் அணிநடைக்கும் பாண்ட் வாத்தியம் இன்றியமையாதது. கொழும்பு மாநகரின் மாளிகாவத்தையிலும், அதனை அடுத்த மருதானை, தெமட்டகொடைப் பகுதிகளிலும் மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர், மாலை வேளையில் எழும் அவ்வொலியைக் கேட்டே போட்டி நெருங்குகின்றது என அறிந்துகொள்வர்.

அம்முரசு வரிசையில் பெரும்பாலும் ஒரு மாணவன் பின்தங்குவதுண்டு. ஏனையோர் இடக்காலை ஊன்றும்போது அவன் வலக்காலை ஊன்றுவான். அவனுடைய கோல் ஒருமுறை முந்தும், மறுமுறை பிந்தும். போட்டிக்கு இரண்டு கிழமையே எஞ்சியிருக்கும். அந்நிலையில் பொறுப்பாசிரியருக்கு இரண்டு வழிகள் தோன்றுதல் இயல்பு. அவனை வரிசையிலிருந்து நீக்குவது ஒன்று. வரிசை குறையாதிருக்கும் பொருட்டு, "கோலை அசை, தோலில் படவிடாதே" என்று சொல்லிவைப்பது மற்றொன்று.

முதலாவது வழி கடுமையானது என்பது யாவர்க்கும் வெளிப்படை. இரண்டாவது வழி இரக்கமுடையதுபோலத் தோன்றினும், ஆராயுமிடத்து அதுவே கூடிய தீங்கு பயப்பது. சீருடை தரித்து, முரசைத் தாங்கி, பெற்றோர் பார்த்திருக்க நடந்து செல்லும் அம்மாணவன், தன் கோலிலிருந்து ஒலி எழவில்லை என்பதைத் தான் ஒருவனாகவே அறிந்து செல்கின்றான். வாப்பாவும் உம்மாவும் வீட்டிலே பாராட்டும்போது அவன் தலைகுனிய நேர்கின்றது. செய்யாததைச் செய்ததுபோலக் காட்டுவது எப்படி என்பதே அன்று பாடசாலை அவனுக்குக் கற்பித்த பாடமாகிவிடுகின்றது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. தவறு எவ்விடத்தில் பிறக்கின்றது எனக் கண்டு, அவ்விடத்திலே திருத்துவதுதான் அது.

"அவனுக்குப் பிறப்பிலேயே தாளம் இல்லை" எனக் கூறுவோர் உளர். 2009ஆம் ஆண்டில் ஹங்கேரியையும் ஒல்லாந்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் உறங்கும் வேளையில் முரசுத் தாளத்தை ஒலிக்கச் செய்து, அவர்தம் மூளையின் மின்னலைகளைப் பதிந்தனர். தாளத்தின் தலையடி விடப்பட்டபோதெல்லாம் குழந்தையின் மூளை அக்குறையைக் கண்டுகொண்டது. 2011ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரத்து அறிஞர், இசையின் தாளத்தை உணர இயலாத இளைஞர் ஒருவரைப் பற்றி ஆராய்ந்து எழுதினர். ஒரே ஒருவரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது என்பதிலிருந்தே அக்குறை எவ்வளவு அரிது என்பது புலனாகும். ஆகவே, வரிசையில் தடுமாறும் பிள்ளையிடம் தாளம் இல்லையென்று முடிவுகட்டுவதற்கு முன்னர் பிற காரணங்களைத் தேடுதல் வேண்டும்.

அதற்கான சோதனை பத்து நிமிடத்தில் முடியக்கூடியது. முதலில் மாணவனுடைய முரசை இறக்கிவைத்துவிட்டு, பிறர் முழக்க, அவனை நடக்கச் செய்க. கால் தவறாதாயின் குறை காலில் இல்லை. அடுத்து, அவனை ஓரிடத்தில் நிறுத்திப் பிறருடன் சேர்ந்து அடிக்கச் செய்க. கை தவறாதாயின் குறை கையில் இல்லை. மூன்றாவதாக, கையும் காலும் ஓய்ந்திருக்க, அடிக்கவேண்டியதை வாயினாற் சொல்லச் செய்க. வாய்க்கு வராதது கைக்கு வருதல் அரிது. காலும் கையும் தனித்தனியே செம்மையாக இருந்து, இரண்டும் கூடும்போது மட்டும் தடுமாறும் மாணவரே பலர். அவர்களுக்கு வேண்டியது இணைப்புப் பயிற்சியேயாகும்.

பயிற்சிக்கு முன்பு கருவியையும் ஒருமுறை நோக்குதல் நன்று. 'சைட் டிரம்' என்ற பெயர், ஒரு தோளில் மாட்டிய வாரிலிருந்து அம்முரசு உடலின் பக்கவாட்டில் தொங்கியமையால் வந்தது. அவ்வாறு தொங்கும் முரசின் முகம் ஒருபுறம் சாய்ந்திருக்கும். சாய்ந்த முகத்தை அடிப்பதற்காகவே, இடக்கையை மலர்த்தி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டிலே கோலை வைத்துப் பிடிக்கும் முறை தோன்றிற்று. இரு தோள்களிலும் மாட்டும் தாங்கியில் முரசின் முகம் சமமாக நிற்கும். அங்கே இரு கைகளையும் ஒரேவிதமாகக் கவிழ்த்துப் பிடிப்பதே எளிது. சமமான முரசைக் கொடுத்துவிட்டு, பழைய பிடியையே புதிய மாணவனிடம் வற்புறுத்தினால், அவனது இடக்கை வீணே துன்புறும். வார் நீண்டு, முரசு தொடையில் இடித்தாலும் நடை கெடும். முழங்கை இயல்பாகத் தொங்க, கோல்முனை முகத்தின் நடுவில் படும்படி வாரைச் சுருக்கிக் கொடுத்த அளவிலேயே பாதிக் குறை நீங்கிய பிள்ளைகளும் உளர்.

கோலை இறுகப் பிடிப்பது மற்றொரு காரணம். தோலில் பட்ட கோல் பந்தைப்போலத் தானே மேலெழும். இறுகப் பிடித்தவன் அவ்வெழுச்சியை அடக்கிவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் கோலைத் தூக்கும் வேலையைத் தன் மணிக்கட்டின்மேற் சுமத்துகின்றான். சற்று நேரத்தில் கை களைக்கும். களைத்த கை பிந்தும். அச்சமுள்ள மாணவனே கோலை இறுகப் பிடிப்பவன். ஆதலால், "கையைத் தளர்த்து" என அதட்டுவதிற் பயனில்லை. அதட்டலே மேலும் இறுக்கும்.

காதும் சிலவேளை ஏமாற்றும். ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் செல்கின்றது. 34 மீற்றர் தொலைவிலுள்ள மாடிக் கட்டடச் சுவரில் மோதித் திரும்பும் முரசொலி, செக்கனிற் பத்தில் இரண்டு பங்கு தாமதித்தே வந்து சேரும். விரைநடையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடிகள் வைக்கப்படுகின்றன. அஃதாவது, ஓரடிக்கு அரைச் செக்கன். எனவே, திரும்பிவரும் எதிரொலி ஏறத்தாழ அரையடி பிந்தி ஒலிக்கும். உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த மாளிகாவத்தை போன்ற இடத்தில், வரிசையின் ஓரத்தில் நிற்கும் மாணவன் பிந்துவானாயின், அவன் கேட்பது எதிரொலியாகவும் இருக்கலாம். அவனை பேஸ் டிரம்முக்கு அருகில் நிறுத்துக. முன்னே நடப்பவனின் குதிகாலைக் கண்ணாற் பார்க்கப் பழக்குக. ஒளி ஒலியைப்போலப் பிந்துவதில்லை.

இனித் திருத்தும் முறையைக் கூறுவோம். இதற்கு மேலைநாட்டு நூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. மிருதங்கமும் தவிலும் பயிற்றும் ஆசிரியர்கள் சொற்கட்டைச் சொல்லிக் கொடுத்தே கைக்கு வேலை கொடுப்பர். தமிழிலக்கணம் எழுத்தின் ஒலியளவை மாத்திரையால் அளந்தது. அம்மாத்திரைக்குக் கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் அளவாக வைத்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பதைத் தமிழ்ப் பாடத்தில் கற்ற பிள்ளை, முரசுக்குரிய கால அளவையும் கற்றவனே. கால் ஊன்றும்போது 'தா' என்றால் ஓரடிக்கு ஒரு தட்டு. 'தக' என்றால் ஓரடிக்கு இரண்டு தட்டு. 'தகிட' என்றால் மூன்று. 'தகதிமி' என்றால் நான்கு. நடைவாத்தியத்தில் வரும் தட்டுகளுட் பெரும்பாலானவை இந்நான்கினுள் அடங்கிவிடும்.

பயிற்சியின் வரிசை இதுவாகும். முதல் இரண்டு நாள் முரசும் கோலும் வேண்டா. மாணவன் நின்ற இடத்திலே காலை மாறிமாறி ஊன்றி, 'தா, தா' என்று சொல்லட்டும். வேகம் நிமிடத்துக்கு 70 அடியளவில் இருத்தல் போதும். கைத்தொலைபேசியிற் கிடைக்கும் தாளமானி அவ்வேகத்தைத் தவறாது காட்டும். பின்பு 'தக', அதன்பின் 'தகதிமி' எனச் சொல்லட்டும். சொல் தளராமல் நிலைத்த பின்னர், சொல்லோடு கையால் தொடையில் தட்டட்டும். மூன்றாம் நாள் கோல்; அதன் பின்னரே முரசு. இடக்கால் ஊன்றும்போது வலக்கை அடிக்கத் தொடங்குதல் நலம். இயல்பாக நடக்கும் மனிதனின் இடக்காலோடு வலக்கையே முன்வருவதால், இவ்விணைப்பை உடல் முன்னமே அறியும். பேஸ் டிரம்மின் வலுவான அடியும் இடக்காலிலேயே விழுவது வழக்கம். வேகத்தை நாளொன்றுக்கு ஐந்தைந்தாகக் கூட்டுக. தவறு நேர்ந்தால் முந்திய வேகத்துக்குத் திரும்புக. புதிய பாடம் கொடுக்கற்க.

கைப்பழக்கத்துக்குச் சில அடிப்படை வரிசைகள் உள. 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் கூடிய முரசறைவோர் சங்கம் அமைத்து, 26 அடிப்படைப் பயிற்சிகளைத் தொகுத்தனர். 1984இல் அத்தொகை 40 ஆக விரிக்கப்பட்டது. பின்தங்கும் மாணவனுக்கு அவற்றுள் மூன்று போதுமானவை. வலம், இடம் என மாறிமாறி ஒவ்வொன்றாக அடிப்பது முதலாவது. வலம் வலம், இடம் இடம் என இரண்டிரண்டாக அடிப்பது இரண்டாவது. 'வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம்' என்பது மூன்றாவது. இதிலே தலையடி வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறுவதால் இரு கைகளும் சமவன்மை பெறும்.

பயிற்சிக்கு இடம் ஏது என்ற வினா எழலாம். மாடிக் குடியிருப்பில் ஒரு சுவருக்கப்பால் அயலார் உறங்குவர், நோயாளர் இருப்பர், பாங்கொலி எழும் வேளையில் ஓசை ஆகாது. முரசை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் இயல்வதன்று. பழைய இறப்பர்ச் செருப்பின் அடியை ஒரு பலகைத் துண்டில் ஒட்டினால் அதுவே பயிற்சி முரசாகும். இறப்பர் கோலை மீண்டும் எழச் செய்யும். ஓசையோ முரசொலியினும் மிகக் குறைவு. தலையணையில் அடித்தல் மணிக்கட்டுக்கு வலுத் தரும். ஆயினும் கோல் எழாதாகையால் அதனை மட்டும் நம்புதல் தகாது. நாள்தோறும் பதினைந்து நிமிடம் செய்வது, கிழமைக்கு ஒருநாள் இரண்டு மணித்தியாலம் செய்வதிலும் மேலானது. நோன்பு காலம் முதலாம் தவணையில் வரும் ஆண்டுகளில் நடைப்பயிற்சியைக் காலை வேளைக்கு மாற்றி, வெயிலில் நடப்பதைக் குறைத்து, நிழலிலிருந்து பயிலும் கைப்பயிற்சியைக் கூட்டுதல் நன்று. அந்நோன்பு இரவுகளில் ரபான் அடித்துத் தெருத்தெருவாக நடந்து சஹருக்கு எழுப்பும் பக்கீர்மாரின் ஒலியைக் கேட்ட பிள்ளைகளுக்கு, நடந்துகொண்டே தாளம் தவறாதிருத்தல் முடியாத செயலன்று என எடுத்துக்காட்டவும் இயலும்.

ஆசிரியர் ஒருவரால் இவை யாவும் ஆகா. வரிசையில் நன்கு அடிக்கும் மாணவன் ஒருவனை இவனுக்குத் துணையாக்குக. மாலைப் பயிற்சி முடிந்தபின், பிறர் பார்வைக்கு அப்பால், இருவரும் பத்து நிமிடம் எதிரெதிரே நின்று சொல்லியடிக்கட்டும். பலர் முன்னிலையில் ஒருவனை மட்டும் தனியே அடிக்கச் சொல்லித் தவற்றைக் காட்டுதல் அறவே ஒழிக்கத்தக்கது. சிரிப்புக்கு அஞ்சியவன் கைக்குத் தாளம் வராது.

இவ்வளவும் செய்தும் போட்டி நாளுக்குள் முழுப் பாடமும் கைவராதிருக்கலாம். அப்போது அவனுக்குரிய பங்கைக் குறைத்துக் கொடுக்கவேண்டும். ஏனையோர் 'தகதிமி' என நான்கு தட்டும் இடத்தில், அவன் இடக்கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் 'தா' என ஒரு தட்டு மட்டும் தட்டட்டும். அது வரிசையின் இசையைக் கெடுக்காது. மாறாக அதன் தலையடியை உறுதியாக்கும். அத்தட்டு எண்ணிக்கையிற் குறைந்ததாயினும் அவனுடையது. தோலிற் பட்டு எழுந்தது. அடுத்த ஆண்டு அது 'தக' ஆகும்.

தமிழிலே 'அடி' என்ற ஒரு சொல்லே பாதத்தையும், எடுத்துவைக்கும் நடையையும், கையால் அடிப்பதையும் குறிக்கின்றது. காலும் கையும் ஒன்றுபடுவதே நடைமுரசு என்பதற்கு அச்சொல்லைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அடுத்த முறை விளையாட்டு மைதானத்தில் அணிநடை காணச் செல்லும் பெற்றோர், வரிசை எவ்வளவு நேராக இருக்கின்றது என்பதோடு, வீடு திரும்பிய பின் தம் பிள்ளையிடம், "இன்று நீ எதனை அடித்தாய்? சொல்லிக் காட்டு" என்றும் கேட்பாராக. அவன் தயங்காமல் 'தா, தா' என்று சொல்லி, மேசையிலே தட்டிக் காட்டுவானாயின், அவனுடைய ஆசிரியர் தம் கடமையைச் செய்திருக்கின்றார் எனக் கொள்ளலாம்.