சைட் வாங்குமுன் தண்ணீரின் பாதையைப் பாருங்கள்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் சயாஜி ராவ் ரோட்டைத் தெரியாத தமிழர் இல்லை. மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போகிறவரும், தசரா ஊர்வலம் பார்க்க இடம் பிடிக்கிறவரும் நிற்பது அங்கேதான். ஆனால் அந்த ரோடு முன்னாளில் ஒரு கால்வாய் என்பது பலருக்குத் தெரியாது. காவிரி நீரைக் கொண்டு வரத் திவான் பூர்ணையா வெட்டிய கால்வாய், ஊருக்குள் வந்த பகுதி 19-ஆம் நூற்றாண்டில் தூர்க்கப்பட்டு ரோடாயிற்று.

அது அரசாங்கம் திட்டமிட்டுச் செய்த காரியம். இன்று நகரைச் சுற்றி வாய்க்காலையும் குட்டையையும் மண் கொட்டி நிரவி, கல் நட்டு, சைட் என்று விற்பது வேறு. 1864-ல் அமைந்த குக்கரஹள்ளி ஏரிக்கு நீர் தந்த பூர்ணையா கால்வாயே, லேஅவுட்டுகள் பெருகியதால் பல இடங்களில் அடைபட்டது.

வாடகை வீட்டிலேயே காலம் தள்ளிவிட்டு, பி.எப். பணத்தையும் மனைவியின் நகையையும் சேர்த்து 30-க்கு 40 சைட் ஒன்று வாங்க நினைக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பத்திரம் இருந்தும் வீடு போனது

2016 ஆகஸ்டில் பெங்களூர் அவனி சிருங்கேரி நகரில் மாநகராட்சி பல வீடுகளை இடித்தது. பதிவு செய்த பத்திரம், வரி ரசீது, வங்கிக் கடன் எல்லாம் வைத்திருந்தவர்கள்தான் தெருவில் நின்றார்கள். பழைய கிராம வரைபடத்தில் அந்த இடம் ராஜகாலுவே, அதாவது பெருமழை நீர் ஓடும் கால்வாய்.

சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் கிரயம்தான் பதிவாகிறது. அந்த நிலத்தில் முன்பு ஓடை ஓடியதா என்று அங்கே யாரும் சொல்வதில்லை. வில்லங்கச் சான்றிலும் கடன், கிரயம் தெரியுமே தவிர தண்ணீர் தெரியாது.

எதைக் கேட்டு வாங்குவது?

முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து ஆர்.டி.சி. என்னும் பகணியை எடுங்கள். அதில் 'கராபு' என்று எத்தனை குண்டெ காட்டியிருக்கிறது என்று பாருங்கள். 'ஏ' கராபு என்றால் பாறை போன்ற, சாகுபடிக்கு உதவாத நிலம். 'பி' கராபு என்றால் ஓடை, ஏரி, வண்டிப்பாதை, சுடுகாடு போன்ற பொது இடம். அதைத் தனியார் விற்க முடியாது.

அடுத்து, சர்வே இலாகாவின் கிராம வரைபடம். அதில் ஓடைகளும் ஏரிகளும் குறிக்கப்பட்டிருக்கும். கர்நாடக அரசின் 'திஷாங்க்' என்ற கைப்பேசிச் செயலியில், நிற்கும் இடத்தின் சர்வே எண்ணையும் பக்கத்து நீர்நிலையையும் பார்த்துக்கொள்ளலாம். விவசாய நிலமானால், வீட்டு மனையாக மாற்றிய கலெக்டர் உத்தரவும், நகர வளர்ச்சி ஆணையம் ஒப்புதல் தந்த லேஅவுட் வரைபடமும் அவசியம்.

ஏரியிலிருந்து எத்தனை தூரம் விட வேண்டும் என்ற கணக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெங்களூர் ஏரிகளுக்கு 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் 75 மீட்டர் என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தின் அளவு மாறலாம். பள்ளத்தை நாடும் தண்ணீர் மாறாது. 2015 டிசம்பரில் சென்னை வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் உறவினர் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காலால் நடந்து பாருங்கள்

புரோக்கர் காரில் அழைத்துப் போகும் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் எல்லா சைட்டும் நன்றாகவே இருக்கும். பெருமழை பெய்த மறுநாள் தனியாகப் போய்ப் பாருங்கள். கோரைப்புல் மண்டியிருக்கிறதா, பக்கத்துச் சுவரில் ஈரக்கோடு இருக்கிறதா, கொட்டிய மண் எத்தனை அடி என்று கவனியுங்கள். ஆடு மாடு மேய்க்கும் பெரியவரைக் கேட்டால் பழைய ஓடையைக் கைநீட்டிக் காட்டுவார். ஊர்ப் பெயரிலோ நிலத்தின் பெயரிலோ 'கெரே', 'கட்டெ', 'ஹள்ள' வந்தால் இரண்டு முறை விசாரியுங்கள்.

மாலையிலும் ஒரு தடவை போய் வாருங்கள். வித்யாரண்யபுரம் கழிவுநீர்ப் பண்ணைக் குப்பை மேட்டின் நாற்றம் சுற்றுப்புறக் குடும்பங்களை எத்தனை ஆண்டுகள் வாட்டியது என்பது மைசூருக்கே தெரியும். குடிக்கக் காவிரி அல்லது கபினி நீர் வருமா, சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் சில நூறு ரூபாயும் இரண்டு மூன்று நாள் லீவும் போதும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைப்பது கடினம். கொடுக்குமுன் கேட்டால் புரோக்கரே பதில் தேடி வருவார்.