வியன்னாவின் ஆப்பிள் சுருளப்பமும் உஸ்மானியர் நினைவும்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவைக் காணச் செல்வோர் அங்குள்ள பழைய காப்பி இல்லங்களைத் தவறவிடுவதில்லை. 1876இல் தொடங்கப்பெற்ற காஃபே சென்ட்ரல் போன்றவை எழுத்தாளரும் அரசியல் சிந்தனையாளரும் நெடுநேரம் அமர்ந்து உரையாடிய இடங்களாகும். இப்பண்பாட்டை ஆஸ்திரியா 2011இல் தனது மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அத்தகைய இல்லம் ஒன்றில் பளிங்கு மேசையருகே அமர்ந்த நாம், 'ஆப்ஃபெல்ஷ்ட்ரூடல்' எனும் ஆப்பிள் சுருளப்பத்தைப் பற்றி விசாரித்தோம். அதில் சேரும் உலர்திராட்சையை ரம் என்னும் மதுவில் ஊறவைப்பது அந்நாட்டில் பரவலான வழக்கம். பணியாளர் சமையலறையில் கேட்டு வந்து, ரம் உண்டு என்று ஒளியாமல் கூறினார். நாம் காப்பியோடு நிறுத்திக்கொண்டோம். மறுநாள் வேறோர் இல்லத்தில், திராட்சை ஆப்பிள் சாற்றில் ஊறியது என்று அறிந்த பின்னரே உண்டோம். கேட்பதில் கூச்சம் தேவையில்லை. கேட்டவரை அவர்கள் மதிக்கவே செய்கின்றனர்.

'ஷ்ட்ரூடல்' என்னும் ஜெர்மானியச் சொல்லுக்கு நீர்ச்சுழி என்று பொருள். மாவு, நீர், எண்ணெய், சிறிது உப்பு ஆகியவற்றைப் பிசைந்து, புளிக்க வைக்காமல், துணி விரித்த மேசைமேல் கைகளால் இழுத்து விரிக்கின்றனர். அடியில் வைத்த எழுத்தைப் படிக்குமளவு அது மெலிய வேண்டும் என்பர். அதன்மேல் ஆப்பிள் துண்டுகள், சர்க்கரை, இலவங்கப்பட்டைத் தூள், வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூள் முதலியன பரப்பிச் சுருட்டிச் சுடுகின்றனர். மேலே மொறுமொறுப்பும் உள்ளே இளம்புளிப்பும் கலந்த சுவை அது.

இம்மெல்லிய மாவு நமக்குப் புதியதன்று. உஸ்மானியரின் பக்லாவா மரபிலிருந்து, அவர்கள் ஆட்சியிலிருந்த ஹங்கேரி வழியாக இது வியன்னாவை அடைந்தது என்பது உணவு வரலாற்றாளர் பலரின் கருத்து. வியன்னா நகர நூலகத்தில் உள்ள, ஷ்ட்ரூடல் செய்முறை கொண்ட கையெழுத்துச் சுவடி 1696ஆம் ஆண்டினது.

காப்பியின் வரலாறும் இத்தகையதே. யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்திற்கு விழித்திருக்கப் பருகிய பானம், மக்கா, கெய்ரோ, இஸ்தான்பூல் வழியே ஐரோப்பாவை எட்டியது. 1683ஆம் ஆண்டு முற்றுகையில் தோற்ற உஸ்மானியர் விட்டுச்சென்ற மூட்டைகளிலிருந்தே வியன்னா காப்பியை அறிந்தது என்ற கதை அங்கு இன்றும் சொல்லப்படுகின்றது. ஆயின் சான்றுகள் வேறு கூறுகின்றன. 1664இல் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டதன் பின் 1665இல் அங்கு வந்த உஸ்மானியத் தூதுக்குழு காப்பி அருந்தியது, விருந்தினருக்கும் வழங்கியது. 1685இல் காப்பி விற்கும் உரிமத்தைப் பெற்றவர் யோஹன்னஸ் தியோதாத்தோ எனும் அர்மீனிய வணிகர்.

போர்க்கொள்ளையாகச் சொல்லப்படும் பொருளொன்று உண்மையில் தூதரும் வணிகரும் கொண்டு சேர்த்த கொடை என்று அறியும்போது, இரு நாகரிகங்களின் உறவைப் போர்க்களங்களால் மட்டும் அளந்துவந்த நமது பார்வையும் திருத்தம் பெறுகின்றது. வெற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தபோது நாம் எண்ணியது இதுவே.