தானாக வடியும் வீக்கமும் மருந்துக்குச் சேரும் பெயரும்

திருநாவலூர் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் காதோரம் வீங்கினால், பாட்டிமார் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள், பொன்னுக்கு வீங்கி என்று. கழுத்தில் தங்கச் சங்கிலி ஏறும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். புளிப்பு கண்ணிலேயே காட்டக் கூடாது; பள்ளிக்கும் அனுப்பக் கூடாது. பத்து நாளுக்குள் கன்னம் பழையபடி ஆகிவிடும். பற்றுக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

இதில் பாதி அருமையான மருத்துவம். புளிப்பு வாயில் பட்டால் உமிழ்நீர்ச் சுரப்பி வேலை செய்யும். வீங்கிய சுரப்பிக்கு அதுவே வலி. இந்நோயைத் தரும் வைரஸ் எச்சிலிலும் இருமலிலும் பரவுகிறது, வீக்கம் தெரிந்து ஐந்து நாள் வரை. ஆகவே பிள்ளையை வீட்டில் நிறுத்துவது தெருவையே காப்பாற்றும்.

ஆனால் வீக்கத்தை வடித்தது பற்றா? இந்த வைரஸைக் கொல்ல இன்றுவரை மருந்து இல்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் தருவார்கள். மீதியை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கொள்கிறது. எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் வடிந்துவிடும். இப்படிப்பட்ட நோயில் எதைக் கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தியது போலத் தெரியும்.

சீனத்திலும் இதே கதைதான். அங்கே இதற்குப் பேர்போனது பான்லான்கென் என்னும் வேர். கடுகுக் குடும்பத்துச் செடி. நம் அவுரியைப் போல இதன் இலையிலிருந்தும் நீலச் சாயம் எடுப்பார்கள். இது போன்ற மூலிகைகள் பலன் தருகின்றன என்று சொல்லும் ஆய்வுகள் அங்கே ஏராளம். மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2015-இல் அவற்றை எடுத்து ஆராய்ந்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்ததாகச் சொன்னவை 108. அவற்றில் 104 ஆய்வுகளில் நடந்தது உண்மையான குலுக்கலே இல்லை. மீதி நான்கின் ஆய்வாளர்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை. கணக்கில் சேர்க்க ஒன்றுகூடத் தேறவில்லை. மூலிகை பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. அத்தனை நோயாளிகளைப் பார்த்தும் பயன் உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வேதனை.

குலுக்கல் ஏன் அவ்வளவு முக்கியம்? வீங்கிய முதல் நாளே வரும் பிள்ளையும் ஐந்தாம் நாள் வரும் பிள்ளையும் ஒன்றல்ல. ஐந்தாம் நாள் வந்தவனுக்கு எப்படியும் சீக்கிரம் வடியும். யாருக்கு மூலிகை என்பதை வைத்தியர் தீர்மானித்தால், அவர் அறியாமலேயே லேசான நோயாளிகள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால் அந்தச் சாய்வுக்கு இடமில்லை.

நம் ஊரிலும் ஒரு பாடம் உண்டு. மஞ்சள் காமாலைக்குப் பெயர்பெற்ற கீழாநெல்லியைச் சென்னையில் ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்றுப் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த பல சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. இருந்தாலும் அந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். நம் மூலிகையை ஒப்பிட்டுப் பார்க்கும் துணிவு அதில் இருந்தது.

வேப்பிலைப் பற்றுக்கும் அதைச் செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பாரசிட்டமால். குலுக்கலில் பாதிப் பேருக்கு மட்டும் கூடவே பற்று. எது யாருக்கு என்று தெரியாத ஒருவர், பற்றைக் கழுவிய பிறகு வீக்கத்தை அளக்க வேண்டும். பெரிய செலவில்லை.

பொன்னுக்கு வீங்கி வராமலே தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் அரசு அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமே இடம். பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசியைத் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பருவம் வந்த ஆண்களுக்கு இந்நோய் வந்தால் விதைப்பை வீங்கக்கூடும். சிலருக்கு மூளைச்சவ்வு வரை போகும். ஏழைப் பிள்ளைக்கும் அந்த ஊசி கிடைக்க வேண்டும்.

பற்றை நம்பிக் காத்திருப்பது ஆபத்தாகும் வீக்கமும் ஒன்று உண்டு. காதோரம் அல்லாமல் கழுத்தில் கட்டி கட்டியாகத் தோன்றி, இரண்டு வாரம் தாண்டியும் கரையாமல் நிற்பது நிணநீர்க் கணுவில் வந்த காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சிகிச்சை பொதுவாக ஆறு மாதம்.